ஏசி அறையில் கிரையோ மில் வைக்கலாமா?

கேள்வி: மணலியில் ரப்பர், பிளாஸ்டிக் மாதிரிகளைச் சோதிக்கும் சிறிய ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். மாதிரிகளைத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்துப் பொடியாக அரைக்கும் கிரையோ மில் ஒன்று புதிதாக வந்திருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி ஏசி அறையில் வைக்கச் சொல்கிறார்கள். ஒரே ஜன்னல், வெளியே அடிக்கும் நாற்றத்துக்காக எப்போதும் மூடியே கிடக்கும். கையுறையும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டால் போதுமா? நைட்ரஜனை ஆபீஸ் காரிலேயே எடுத்து வரலாமா?

பதில்: போதாது. காரிலும் வேண்டாம்.

திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி என்றதும் எல்லோருக்கும் கை வெந்துபோகும் என்ற பயம்தான் வருகிறது. நியாயமான பயம்தான். ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்குப் பயம் தந்தது அந்த மூடிய ஜன்னல். ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியானால் கிட்டத்தட்ட 700 லிட்டர் வாயுவாகும். அறையின் உயரம் பத்து அடி என்று வைத்துக்கொண்டால் உள்ளே இருப்பது சுமார் 34 கனமீட்டர் காற்று. அதில் 5 லிட்டர் ஆவியாகிக் கலந்தாலே ஆக்சிஜன் 20.9 சதவீதத்திலிருந்து 19க்குக் கீழே இறங்கிவிடும். 19.5க்குக் கீழே போனாலே ஆக்சிஜன் குறைந்த இடம் என்று கணக்கு. 10 லிட்டர் கொட்டினால் 17தான் மிஞ்சும். இதுவும் காற்று சீராகக் கலந்தால்தான். குளிர்ந்த நைட்ரஜன் கனமானது, தரையோடு தங்கும். குனிந்து எதையாவது எடுப்பவருக்கு நிலைமை இன்னும் மோசம்.

ஏசி ஓடுகிறதே என்று நினைக்காதீர்கள். ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையேதான் சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கிறது. மாஸ்க் தூசியைத் தடுக்கும், ஆக்சிஜன் தராது. நமக்கு மூச்சு முட்டுவது பெரும்பாலும் உடலில் கரியமில வாயு சேர்வதால். நைட்ரஜன் நிறைந்த இடத்தில் அது வழக்கம்போல வெளியேறிக்கொண்டே இருக்கும், அதனால் திணறலே தெரியாது. லேசாகத் தலை சுற்றும், அப்புறம் ஆள் விழுந்துவிடுவார். பதறிப்போய்த் தூக்க ஓடுகிறவரும் பக்கத்திலேயே விழுவார். ஆக்சிஜன் குறைந்ததைச் சொல்லும் அலாரம் அடித்தால் வெளியே வரவேண்டும். விழுந்தவரைத் தூக்கக்கூட, சுவாசக் கருவி இல்லாமல் உள்ளே போகக் கூடாது.

ஆகவே முதல் செலவு காற்றோட்டத்துக்கு. எக்ஸாஸ்ட் ஃபேனைக் கூரைக்குப் பக்கத்தில் மாட்டாமல் தரையை ஒட்டி மாட்டுங்கள். அது காரிடாரில் ஊதாமல் கட்டடத்துக்கு வெளியே ஊத வேண்டும். வெளிக்காற்று உள்ளே வரவும் வழி வேண்டும். ஆக்சிஜன் அலாரம் கட்டாயம். கதவைத் திறக்கும் முன்பே அளவு தெரியும்படி அதன் டிஸ்பிளே வெளியே இருக்கட்டும். மில் ஓடும் நேரத்தில் ஜன்னல் திறந்தே இருக்கட்டும். மணலி நாற்றம் பிடிக்காதுதான். ஆனால் நாற்றமாவது மூக்குக்குத் தெரிகிறது, நைட்ரஜன் அதுவும் தெரியாது.

அடுத்தது மாதிரியைப் போட்டு அரைக்கும் ஜார். ரப்பரைச் சில மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, டயர் மாதிரியானால் கம்பியை உருவிவிட்டு, கையேட்டில் சொன்ன அளவுக்கு மட்டும் போடுங்கள். மூடும் ஜாருக்குள் திரவ நைட்ரஜனை ஒருபோதும் ஊற்றக் கூடாது. திரவத்தில் மூழ்கும் வகை மில் என்றால், ஒவ்வொரு முறையும் மாதிரி போடும் குழாயை வெளிச்சத்தில் பிடித்து விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். மயிரிழை விரிசல் வழியாகத் திரவம் உள்ளே புகுந்துவிட்டால், வெளியே எடுத்ததும் அது வாயுவாகி, குழாய் கையிலேயே வெடிக்கும். அரைத்து முடித்ததும் மிக்ஸி ஜார் மாதிரி உடனே திறந்து பார்க்கவும் கூடாது. தடுப்புக்குப் பின்னால் வைத்து, அறை வெப்பத்துக்கு வரும் வரை விட்டுவிடுங்கள். வெந்நீர், ஹேர் டிரையர் எல்லாம் வேண்டாம். இந்தப் பொறுமையால் இன்னொரு லாபமும் உண்டு: நம் ஊர் ஈரக்காற்றில் குளிர்ந்த ஜாரைத் திறந்தால் பொடி தண்ணீர் கோத்துக் கட்டியாகிவிடும், உங்கள் ரிசல்ட்டும் கெடும்.

அதே ஈரக்காற்று, திரவ நைட்ரஜனை வைக்கும் வெப்பம் புகாத குடுவையான டியூவரின் கழுத்திலும் பனியாகப் படியும். அடைத்துக்கொண்டால் அழுத்தம் ஏறும். அதனுடன் வந்த தளர்வான மூடியை மட்டும் போடுங்கள், இறுக்கமான கார்க் கூடாது.

உடைக்கு வருவோம். கையுறை தளர்வாக, உதறினால் கழன்று விழும்படி இருக்கட்டும். திரவத்துக்குள் கையை விடுவதற்கு அல்ல அது. முகம் முழுக்க மறைக்கும் ஷீல்டு, மூடிய ஷூ, ஷூவுக்கு வெளியே தொங்கும் பேன்ட். குளிரால் தோல் வெந்தால் தேய்க்காதீர்கள். 37 முதல் 40 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துவிட்டு, ஸ்டான்லி அல்லது கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

கார் விஷயம்: கண்ணாடி ஏற்றிய காரின் உட்பகுதி உங்கள் அறையைவிடப் பல மடங்கு சிறியது. கேஸ் சப்ளையரையே திறந்த வண்டியில் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆய்வகம் மாடியில் இருந்தால் லிஃப்டில் டியூவரை மட்டும் தனியாக அனுப்பி, மேலே ஒருவர் நின்று வாங்கிக்கொள்ளட்டும். நடுமாடியில் யாரும் ஏறாதபடி லிஃப்டில் ஒரு அட்டையை மாட்டிவிடுங்கள்.