கத்தித் தீர்த்தால் பிரஷர் இறங்குமா?

கேள்வி: எனக்கு 45 வயது. காசிமேட்டில் டிபன் கடை வைத்திருக்கிறேன். விடிகாலை 3 மணிக்கு எழுந்தால் படுக்க இரவு 11 ஆகிவிடும். ஆறேழு மாதமாகத் தொட்டதற்கெல்லாம் கோபம் வருகிறது. தட்டு விழுகிற சத்தம் கேட்டாலே கத்திவிடுகிறேன். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், கொஞ்ச நேரத்தில் அழுகையும் வந்துவிடும். பிளஸ் டூ படிக்கும் மகள் என்னிடம் பேசுவதையே குறைத்துவிட்டாள். போன வாரம் பார்த்ததில் பிரஷர் 148/94. 'மனசுல வெச்சிக்காத, கத்தித் தீர்த்துடு, பிரஷர் எறங்கிடும்' என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. அது சரியா? என் தங்கை எதற்குமே அலட்டிக்கொள்ள மாட்டாள். நிதானம் என்பது பிறவிக் குணமா டாக்டர்?

- வாசகி, காசிமேடு

பதில்: அக்கா உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் அந்த யோசனை தவறு. கத்தினால் கோபம் தீர்வதில்லை. அமெரிக்காவில் ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தார் இதைப் பற்றிய 154 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து 2024-இல் முடிவு வெளியிட்டார்கள். ஆத்திரத்தைக் கொட்டித் தீர்ப்பது, எதையாவது போட்டு அடிப்பது, ஓடுவது எல்லாம் கோபத்தைக் குறைக்கவில்லை, ஓட்டம் சிலருக்குக் கூட்டியே விட்டது. மூச்சை நிதானப்படுத்துவது, தசைகளைத் தளர்த்துவது என்று உடம்பின் வேகத்தை இறக்கிய வழிகள்தான் பலன் தந்தன.

காரணம் இதுதான். கோபம் வந்ததும் சிறுநீரகத்தின் மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டுகின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது, ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, பிரஷர் ஏறுகிறது. உங்கள் கை நடுங்குவது அதனால்தான். நீங்கள் கத்தக் கத்த உடம்பு 'இன்னும் சண்டை முடியவில்லை' என்றே எடுத்துக்கொள்கிறது. 2024-இல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வில், ஆரோக்கியமாக இருந்த 280 பேரில் ஒரு பிரிவினரைப் பழைய கோபம் ஒன்றை 8 நிமிடம் நினைத்துப் பார்க்கச் சொன்னார்கள். வெறும் நினைப்புதான், சண்டைகூட இல்லை. அதற்கே ரத்தக் குழாய்கள் விரிந்துகொடுக்கும் திறன் 40 நிமிடம் வரை குறைந்திருந்தது. காலையில் கேஸ் சிலிண்டர் வராததற்கு ஒன்று, மெட்ரோ வாட்டர் லாரிக்கு ஒன்று, கடன் வைத்துவிட்டுக் கண்ணில் படாமல் போகிறவருக்கு ஒன்று என்று நாள் முழுக்கக் கோபம் வந்தால் அந்தக் குழாய்களுக்கு ஓய்வு எப்போது கிடைக்கும்?

இது டாக்டர்களையும் விட்டதில்லை. 18-ஆம் நூற்றாண்டில் லண்டனில் ஜான் ஹன்ட்டர் என்ற பெரிய சர்ஜன் இருந்தார், முன்கோபி, நெஞ்சுவலிக்காரர். என்னைச் சீண்டிக் கோபப்படுத்துகிற எவன் கையிலும் என் உயிர் இருக்கிறது என்று சொல்லி வந்தார். 1793-இல் மருத்துவமனைக் கூட்டமொன்றில் வாக்குவாதம் முற்றி, வெளியே வந்தவர் அப்படியே சாய்ந்து இறந்துபோனார். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை, உங்கள் இதயம் நன்றாகவே இருக்கலாம். ஆனால் பிரஷர் ஏற ஆரம்பித்திருக்கும்போது கோபத்தைச் சும்மா 'குணம்' என்று ஒதுக்கிவிடக் கூடாது.

சரி, பிறவிக் குணமா என்று கேட்டீர்கள். ஓரளவு பிறப்பிலேயே வருவதுதான், ஒரே வீட்டில் ஒரு குழந்தை சட்டென்று சுருங்கும், இன்னொன்று சிரித்துக்கொண்டே இருக்கும். ஆனால் மீதியை உங்கள் கடிதத்திலேயே எழுதிவிட்டீர்கள், கவனித்தீர்களா? 11 மணிக்குப் படுத்து 3 மணிக்கு எழுகிறீர்கள். நாலு மணி நேரம்! தூக்கம் குறைந்தால் மூளையில் கோபம் கிளம்பும் இடம் எளிதில் தூண்டப்படும், அதைப் பிடித்து நிறுத்தும் முன்பகுதி சோர்ந்து கிடக்கும். உங்கள் தங்கை எத்தனை மணி நேரம் தூங்குகிறார் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அவரையும் ஆறு மாதம் நாலு மணி நேரத் தூக்கத்தில் வைத்தால் அவருக்கும் தட்டு விழுகிற சத்தம் பொறுக்காது.

ஊருக்கே இட்லி அவித்துப் போடுகிற நீங்கள் முதல் இட்லியை எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள்? டிபன் கடை நடத்தும் பெண்கள் பலரும் 11 மணி வரை டீயிலேயே ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன். வெறும் வயிறு, அடுப்புச் சூடு, தண்ணீர் குடிக்காதது, மேலே நாலைந்து டீ, இவ்வளவும் சேர்ந்தால் யாருக்கும் படபடப்பு வரும். 6 மணிக்கு முதல் கூட்டம் வருவதற்கு முன் உட்கார்ந்து சாப்பிடுங்கள். நின்றுகொண்டு இல்லை, உட்கார்ந்து. இதைச் செய்தால் ஒரு வாரத்திலேயே வித்தியாசம் தெரியலாம்.

அப்புறம், நீங்கள் எழுதாத ஒன்றை நான் கேட்க வேண்டும். மாதவிலக்கு தள்ளிப்போகிறதா? திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கிறதா? நம் நாட்டுப் பெண்களுக்கு 46, 47 வயதையொட்டி மாதவிலக்கு நிற்கிறது, அதற்குச் சில வருடம் முன்பிருந்தே ஹார்மோன் ஏற்ற இறக்கத்தில் எரிச்சல், அழுகை, தூக்கமின்மை எல்லாம் வரும். 'ஆறேழு மாதமாக' என்று நீங்கள் எழுதியதால்தான் இந்தச் சந்தேகம். கை நடுக்கமும் படபடப்பும் தைராய்டு அதிகம் சுரந்தாலும் வரும், எடை குறைந்திருந்தால் சந்தேகம் இன்னும் கூடும். ரத்தசோகையும் ஆளைச் சிடுசிடுப்பாக்கும். ஆகவே தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடுங்கள். உங்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கம்தானே. இதையெல்லாம் பார்க்காமல் 'கோபப்படாதே' என்று மட்டும் ஒரு பெண்ணுக்குச் சொல்வது நியாயமில்லை என்பது என் கருத்து.

கோபத்தை விழுங்கிக்கொள்ளச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், உள்ளுக்குள் வைத்துப் புழுங்குவதும் அந்த 8 நிமிட நினைப்பு மாதிரிதான். கோபம் ஏறுவது தெரிந்ததும் கரண்டியைக் கீழே வையுங்கள். மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்து, இழுத்ததைவிட அதிக நேரம் எடுத்து வெளியே விடுங்கள், நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற கணக்கில் இரண்டு மூன்று நிமிடம் போதும். இதைக் கோபம் இல்லாத நேரத்தில், கடை மூடியபின் தினமும் பழகினால்தான் கூட்டத்துக்கு நடுவில் கை கொடுக்கும். அதன்பின் சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள். 'பழைய பாக்கி 600 ரூபா இருக்கு, வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்துடுங்க' என்று குரலை ஏற்றாமல் சொன்னால் ஆளுக்கு உறைக்கும். கத்தினால் பாக்கி விஷயம் போய்ச் சண்டைதான் நிற்கும்.

தண்டலுக்குக் கடன் வாங்கியிருக்கிறீர்களா என்று தெரியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் துறைமுகம் அடங்கிவிட்டால் உங்கள் பக்கம் வியாபாரம் படுத்துவிடும், தினசரி வசூலுக்கு வருகிறவர் மட்டும் தவறாமல் வருவார். அந்தக் கவலை உள்ளே இருந்தால் அதை மூச்சுப் பயிற்சி தீர்க்காது. வீட்டுக்காரரோடு உட்கார்ந்து கணக்குப் பாருங்கள், முடிந்தால் விடிகாலை வேலைக்கு ஓர் ஆள் வைத்து இன்னும் ஒன்றரை மணி நேரம் தூங்குங்கள். அந்தக் கூலி வீண் செலவில்லை. மனம் ரொம்பக் கனத்தால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

மகள் விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். இன்றைக்குச் சாயந்திரமே அவளிடம், 'அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, டாக்டர்கிட்ட காட்டப் போறேன், உன்மேல கோபம் இல்ல' என்று சொல்லுங்கள். பிளஸ் டூ படிக்கிற பிள்ளை, தன்னால்தான் அம்மா இப்படி ஆகிவிட்டாள் என்று தனக்குள் நினைத்துக்கொண்டிருக்கக்கூடும்.

பிரஷரை ஒரே தடவை பார்த்து முடிவு செய்ய முடியாது. டீ குடித்து அரை மணி நேரமாவது கழித்து, ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்தபின், கையை மேசை மேல் வைத்துப் பாருங்கள். வெவ்வேறு நாட்களில் பார்த்தும் 140/90-க்கு மேலேயே இருந்தால் அது பிரஷர்தான். கருவாட்டையும் ஊறுகாயையும் இப்போதே குறையுங்கள், ஒரு நாளைக்கு மொத்த உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். கோபத்தின்போது நெஞ்சை அழுத்துகிற வலி, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, ஒரு பக்கம் கை கால் இழுப்பது, வாய் குழறுவது இதில் எது வந்தாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். உங்கள் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர் பார்ப்பதும் மாத்திரையும் இலவசம். அங்கே டாக்டர் மாத்திரை தொடங்கச் சொன்னால் தொடங்கிவிடுங்கள், கோபம் குறைந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்க வேண்டாம்.