அடிக்கடி இறங்கும் தோள்: ஆபரேஷன் அவசியமா?

கேள்வி: டாக்டர், என் மகனுக்கு 21 வயது, காலேஜ் கபடி டீமில் ரெய்டர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மேட்சில் வலது தோள் இறங்கி, ஆஸ்பத்திரியில் ஏற்றிவிட்டார்கள். அப்புறம் நாலைந்து தடவை ஆகிவிட்டது. போன வாரம் தூக்கத்தில் புரண்டு படுத்தபோதே நழுவிவிட்டது, அவனே ஏற்றிக்கொண்டான். ஆபரேஷன் என்கிறார் டாக்டர், கட்டு போட்டாலே சரியாகிவிடும் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். ஆபரேஷன் செய்தால் மறுபடி கபடி ஆடலாமா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: முதல் வேலையாக, தம்பி தானே ஏற்றிக்கொள்வதை நிறுத்தச் சொல்லுங்கள் அம்மா. தோளைச் சுற்றிப் போகும் நரம்பு நசுங்கலாம், எலும்பும் உடையலாம்.

ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டேயில் ஸ்பூனில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு ஓடுவார்களே, தோள் மூட்டும் கிட்டத்தட்ட அப்படித்தான்: பந்து (மேல்கை எலும்பின் உருண்டைத் தலை) பெரிசு, கிண்ணம் (அது உட்காரும் தோள்பட்டை எலும்பின் குழி) சின்னது, ஆழமும் கிடையாது. கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி ரப்பர் மாதிரி ஒரு ஜவ்வு இருக்கும். தோள் முன்பக்கமாக இறங்கும்போது (பெரும்பாலும் முன்பக்கம்தான்) அந்த ஜவ்வு எலும்பிலிருந்து பிய்ந்துவிடும். 1920-களில் லண்டனில் பாங்கார்ட் என்ற சர்ஜன் இதை விளக்கினார், அதனால் இதற்கு 'பாங்கார்ட் காயம்' என்றே பெயர். பிய்ந்த ஜவ்வு சரியான இடத்தில் ஒட்டாமல் போனதால்தான் திரும்பத் திரும்ப இறங்குகிறது. வெளியே எத்தனை கட்டு போட்டாலும் அது உள்ளே போய் இதை ஒட்டவைக்காது.

எனக்குக் கவலை தருவது அந்தத் தூக்கத்தில் நழுவிய சங்கதி. ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் கிண்ணத்தின் முன்விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், பந்தின் பின்பக்கத்திலும் பள்ளம் விழும். சும்மா புரண்டதற்கே நழுவுகிறது என்றால் எலும்பு தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அதனால் 'ஆபரேஷன் வேண்டுமா' என்பதைவிட 'எலும்பு எவ்வளவு போயிருக்கிறது' என்று கேளுங்கள். ஜவ்வைப் பார்க்க எம்ஆர்ஐ, எலும்பை அளக்க 3டி சிடி ஸ்கேன். எம்ஆர்ஐ மட்டும் எடுத்துவிட்டுத் தேதி குறித்தால், சிடி வேண்டாமா என்று தயங்காமல் கேட்கலாம், எந்த நல்ல சர்ஜனும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எலும்புத் தேய்மானம் குறைவு என்றால் சாவித்துவார முறையில், சின்னத் துளைகள் வழியாக, நூல் கோத்த குட்டி ஆங்கர்களை விளிம்பில் பதித்து ஜவ்வை இழுத்துக் கட்டிவிடுவார்கள். கிண்ணத்தில் 20-25 சதவீதம் போயிருந்தால் ஜவ்வை மட்டும் தைப்பது நிற்காது. அப்போது 'லடார்ஜே' ஆபரேஷன். 1954-ல் பிரெஞ்சு சர்ஜன் லடார்ஜே எழுதியது. பக்கத்திலேயே கொக்கி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் எலும்புத் துண்டை, அதில் ஒட்டியிருக்கும் தசையோடு வெட்டி, தேய்ந்த இடத்தில் ஸ்க்ரூ போட்டு முட்டுக் கொடுப்பது. பெரிய வேலைதான். ஆனால் இளவயசு, கபடி, எலும்புத் தேய்மானம் மூன்றும் சேர்ந்தால் நான் இதன் பக்கம்தான் சாய்வேன்.

கபடிக்கு வருவோம். நடுக்கோட்டைத் தொடக் கை நீட்டிக் கிடக்கும் ரெய்டரின் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தால், தோள் இறங்குவதற்கு அதைவிட வசதியான நிலை வேறில்லை. ஆபரேஷன் முடிந்து மூன்று முதல் ஆறு வாரம் கை தூளியில் இருக்கும், விரல், மணிக்கட்டு, முழங்கையை மட்டும் முதல் நாளிலிருந்தே ஆட்டலாம். அப்புறம் மாதக்கணக்கில் பிசியோ. மைதானம் என்றால் சுமார் ஆறு மாதம், அதுவும் தோளின் பலம் திரும்பி, சர்ஜன் சரி என்ற பிறகு. பலர் திரும்பவும் ஆடுகிறார்கள். ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகும் சிலருக்கு இறங்குவதுண்டு, முரட்டு ஆட்டம் ஆடும் பையன்களுக்கு அந்த ஆபத்து கூடுதல், அதைத் தம்பியிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: 63 வயது அம்மாவுக்கு பாத்ரூமில் வழுக்கித் தோள் இறங்கியது. அவருக்கும் இந்த ஆபரேஷன்தானா?
- வாசகர், தென்காசி

பதில்: பெரும்பாலும் தேவைப்படாது. இந்த வயதில் மறுபடி இறங்குவது குறைவு, தோளைத் தூக்கும் தசைநார் கிழிவதுதான் அதிகம். ஏற்றிவிட்டு ஓரிரு வாரம் ஆன பிறகும் கையைத் தானாகத் தூக்க முடியாவிட்டால் உடனே ஸ்கேன் எடுங்கள். ரொம்ப நாள் தூளியில் வைத்தால் தோள் இறுகிவிடும், அதையும் கவனியுங்கள்.