மேக்னம் ரைஃபிளின் உதையைக் குறைக்க மசில் பிரேக் போடலாமா?

கேள்வி: என்னிடம் 300 வின்செஸ்டர் மேக்னம் வேட்டை ரைஃபிள் இருக்கிறது. சிந்தெடிக் ஸ்டாக் (துப்பாக்கியின் கட்டை), ஸ்கோப்புடன் சேர்த்து எடை 3.3 கிலோ. 180 கிரெயின் தோட்டா பயன்படுத்துகிறேன். மேசையில் உட்கார்ந்து பத்து ரவுண்டு சுட்டால் தோள் கன்றிப்போகிறது. முதல் இரண்டு குண்டுகள் அருகருகே விழுகின்றன, அப்புறம் சிதறிவிடுகின்றன. மசில் பிரேக் பொருத்தினால் சரியாகுமா?

பதில்: மசில் பிரேக், அதாவது குழல்வாயில் திருகிப் பொருத்தும் துளையிட்ட உறுப்பு, உதையைக் குறைக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் நான் அதைக் கடைசியில்தான் வைப்பேன். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 180 கிரெயின் குண்டின் எடை 11.7 கிராம். அது நொடிக்குச் சுமார் 900 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. கூடவே 4.7 கிராம் அளவுக்கு வெடிமருந்து எரிந்து வாயுவாகி, நொடிக்கு 1,400 மீட்டர் வேகத்தில் குழல்வாயில் பீறிடுகிறது. இவை இரண்டும் சேர்ந்து உங்கள் ரைஃபிளை நொடிக்கு 5 மீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில் தோளில் தள்ளுகின்றன. ஆற்றல் சுமார் 45 ஜூல். இதே எடையுள்ள, இதைவிடச் சிறிய தோட்டா சுடும் 308 வின்செஸ்டர் ரைஃபிளில் 150 கிரெயின் குண்டு என்றால் 24 ஜூல் பக்கம்தான் வரும். அதாவது உங்கள் தோள் ஏறக்குறைய இரண்டு மடங்கு வாங்குகிறது. கன்றிப்போவதில் ஆச்சரியமில்லை, அது உங்கள் பலவீனமும் இல்லை.

இதில் எடை நேரடியாக வேலை செய்யும். அரை கிலோ கூட்டினால் 45 ஜூல் 39 ஆகிவிடும். ஒரு கிலோ கூட்டினால் 34. ஸ்டாக்கின் பின்முனைக்குள் (தோளில் பதியும் 'பட்' பகுதி) எடை வைப்பதற்கென்றே பாதரசம் அடைத்த குழாய்கள் கிடைக்கின்றன. மலையேறி வேட்டையாடுபவர் என்றால் அந்த அரை கிலோ உங்களுக்குக் கசக்கும். உட்கார்ந்து காத்திருந்து சுடுபவர் என்றால் யோசிக்காமல் கூட்டுங்கள்.

அடுத்தது ரீகாயில் பேட், அதாவது பட்டின் முனையில் தோளில் படும் ரப்பர் மெத்தை. அது ஆற்றலைக் குறைப்பதில்லை. உதை தோளில் இறங்கும் நேரத்தை நீட்டி, பரப்பை அகலமாக்குகிறது. தோளுக்குத் தெரியும் வித்தியாசமோ மிகப் பெரியது. ஆலையிலிருந்து வரும் கெட்டி ரப்பரை எடுத்துவிட்டு, ஒரு அங்குலத் தடிமனில் மென்மையான பேட் போடுங்கள். பேட் தடித்தால் ஸ்டாக் நீளும் என்பதை மறக்க வேண்டாம். கனமான ஜாக்கெட் போட்டுக்கொண்டு தூக்கும்போது பட் அக்குளில் மாட்டினால், துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து ஸ்டாக்கைக் கொஞ்சம் அறுத்துக் குறைக்கச் சொல்லுங்கள். அதோடு கன்னம் வைக்கும் உயரத்தையும் பாருங்கள். ஸ்கோப்பைப் பார்க்கக் கன்னத்தைத் தூக்க வேண்டியிருந்தால் தாடையில் அடி விழும். ஸ்ட்ராப்பில் கட்டும் ஒரு கன்னப்பட்டையே போதும், இது தீர்ந்துவிடும்.

உங்கள் மேசையையும் சந்தேகிக்கிறேன். நின்று சுடும்போது இடுப்பிலிருந்து மேலே உள்ள உடம்பு முழுக்கப் பின்னால் சாய்ந்து உதையை விழுங்கிக்கொள்ளும். மேசையில் குனிந்து படுத்தமாதிரி உட்கார்ந்தால் அது முடியாது, எல்லாமே காறை எலும்பில் போய் நிற்கும். முன்பக்கத் தாங்கியை உயர்த்தி, முதுகு நிமிர்ந்து உட்காரும்படி செய்யுங்கள். பட் தோள்குழியில் இறுக்கமாகப் பதிந்திருக்கட்டும்; இடைவெளி விட்டால் துப்பாக்கி வேகமெடுத்து வந்து குத்தும். சிலர் ஈயம் ஏற்றிய கனமான சட்டத்தில் ரைஃபிளைப் பூட்டிச் சுடுவார்கள். துப்பாக்கி நகர வழியே இல்லாமல் பூட்டினால் அந்த விசை ஸ்டாக்கைப் பிளக்கவும், ஸ்கோப் மவுண்டைத் தளர்த்தவும் செய்யும். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தோட்டாவை மாற்றினால்? முழு வேகத்தில் 150 கிரெயின் குண்டுக்கு மாறுவதால் இரண்டு மூன்று ஜூல்தான் குறையும், பிரயோஜனமில்லை. மருந்தையும் சேர்த்துக் குறைத்த, உதை குறைவான ஆலைத் தோட்டா கிடைத்தால் அது வேறு கதை: ஏறக்குறைய 308 அளவுக்கு இறங்கிவிடும், பயிற்சிக்கு அருமை. ஆனால் தோட்டாவை வீட்டில் நீங்களே நிரப்புபவர் என்றால், மெதுவாக எரியும் மருந்தை உற்பத்தியாளர் கையேட்டில் உள்ள குறைந்தபட்ச அளவுக்கும் கீழே குறைக்கவே குறைக்காதீர்கள். கொஞ்சமாகப் போட்டால் பாதுகாப்பு என்று தோன்றும். தோட்டா உறைக்குள் காலியிடம் அதிகமாகி அழுத்தம் தாறுமாறாக ஏறிய சம்பவங்கள் உண்டு.

இப்போது பிரேக்குக்கு வருகிறேன். மேலே சொன்ன கணக்கில், மொத்தத் தள்ளலில் ஐந்தில் இரண்டு பங்கு வாயுவால் வருவது. அந்த வாயுவைப் பக்கவாட்டிலும் பின்னோக்கியும் திருப்பிவிடுவதுதான் பிரேக்கின் வேலை. மருந்து அதிகம் எரியும் மேக்னத்தில் அது இவ்வளவு நன்றாக வேலை செய்வதும் அதனால்தான். நல்ல பிரேக் உதையின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை எடுத்துவிடும். அதே வாயுதான் சத்தத்தையும் உங்கள் பக்கமும் பக்கத்தில் நிற்பவர் பக்கமும் திருப்புகிறது. பிரேக் இல்லாத ரைஃபிளே 140 டெசிபல் என்ற அபாய எல்லையைத் தாண்டியதுதான். பிரேக்கோடு ஒரே ஒரு குண்டைக் காது மூடாமல் சுட்டாலும் கேட்கும் திறன் நிரந்தரமாகப் போகலாம். வேட்டைக் களத்தில் அவசரத்தில் காதுக்கவசத்தை மறப்பவர்கள் அதிகம், அதுதான் என் கவலை. உங்கள் நாட்டில் சட்டம் அனுமதித்தால் சப்ரஸர் (குழல்வாயில் பொருத்தும் சத்தக்குறைப்பான்) மேல்: உதையும் குறையும், காதும் தப்பும், நீளமும் முன்பக்க எடையும் கூடும், அவ்வளவுதான்.

கடைசியாக அந்தச் சிதறல். அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். மெல்லிய குழல் சூடேறினாலும் குண்டு சிதறும். அதனால் குழல் தொட்டால் சுடாத அளவுக்கு ஆறவிட்டுச் சுட்டுப் பாருங்கள். அப்படியும் சிதறினால், உதையை எதிர்பார்த்து ட்ரிகரைச் சுண்டுகிறீர்கள். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, நண்பரிடம் தோட்டாக்களைக் கொடுத்து, இடையிடையே டம்மி தோட்டா கலந்து உங்களுக்குத் தெரியாமல் நிரப்பச் சொல்வதுதான். டம்மி வந்து 'டிக்' என்று அடிக்கும்போது குழல்வாய் கீழே குத்தினால், கண் இறுக மூடினால், அது பயம். அந்தப் பயத்தை பிரேக்கின் சத்தம் சில சமயம் கூட்டவே செய்யும். சில வாரங்கள் உதை மிகக் குறைந்த 22 ரைஃபிளில் சுடுங்கள், மேக்னத்தைத் தோட்டா இல்லாமல் வெறுமனே ட்ரிகர் தட்டிப் பழகுங்கள், பிறகு ஒரு நாளைக்கு ஐந்தாறு மேக்னம் ரவுண்டோடு நிறுத்துங்கள். வலிக்கத் தொடங்கிய பிறகு சுடும் ஒவ்வொரு ரவுண்டும் அந்தக் கெட்ட பழக்கத்தைத்தான் வளர்க்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் தேவை என்று பட்டால் பிரேக் போடுங்கள். திருகுமரையைக் குழலின் துளைக்கு நேராக வெட்டத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். சற்றுக் கோணினாலும் குண்டு பிரேக்கில் உரசும். பொருத்திய பிறகு குண்டு விழும் இடம் மாறியிருக்கும். வேட்டைக்குப் போகும் முன் ஸ்கோப்பை மறுபடி ஜீரோ செய்துகொள்ளுங்கள் (குறி வைத்த இடத்தில் குண்டு விழும்படி சரிசெய்யுங்கள்), அப்போதும் இரண்டு அடுக்காகக் காதை மூடிக்கொண்டு.