பாட்டிலை ஊற்றும் முன் தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள்

கேள்வி: எங்களிடம் இருப்பது 2014 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல் கார். 78,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வீடு பழங்காநத்தம், வேலை சிம்மக்கல் பக்கம். தினமும் அந்தத் தூரம்தான் ஓட்டம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஐந்து நிமிடம் வண்டி தடுமாறுகிறது. சிக்னலில் நின்றால் ஸ்டியரிங் வரை ஆடுகிறது. போன மாதம் கொடைக்கானல் ஏறும்போது, டப்பாவில் சில்லறையைப் போட்டுக் குலுக்கினது மாதிரி எஞ்சினில் சத்தம் வந்தது. மைலேஜ் 16-லிருந்து 13-க்கு இறங்கிவிட்டது. ஒரு சர்வீஸ் சென்டரில், "கார்பன் அடைச்சிருக்கு, டீகார்பனைசிங் பண்ணணும், 4,500 ரூபாய் ஆகும்" என்கிறார்கள். பெட்ரோல் பங்க்கில், கார்பனை எடுக்கும் மருந்து என்று டேங்க்கில் ஊற்றும் பாட்டிலைக் காட்டுகிறார்கள். எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் இரண்டுமே வேண்டாம் என்கிறார். இரண்டு வருடம் முன்பு வண்டி சூடாகி நின்றபோது தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு வண்டியை ஓடவைத்துக் கொடுத்தவர் அவர்தான். எதைச் செய்வது சார்? (ஓர் ஆசிரியை, பழங்காநத்தம்)

பதில்: மற்றதையெல்லாம் விட, தெர்மோஸ்டாட்டைக் கழற்றியதாக நீங்கள் போகிற போக்கில் சொல்லியிருக்கும் செய்திதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உங்கள் எஞ்சினில் கார்பன் ஏறியிருக்கிறது என்பதை நானும் நம்புகிறேன். ஆனால் அது ஏன் ஏறியது என்று பார்க்காமல் பாட்டிலை ஊற்றினால், அடுப்பில் ஈர விறகை வைத்துக்கொண்டு சுவரில் படிந்த கரியைத் தேய்ப்பது போலத்தான் ஆகும். இன்று தேய்க்கலாம், நாளைக்கு மறுபடி படியும்.

ஈர விறகு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. குளிர்ந்த எஞ்சினுக்குள் பெட்ரோல் முழுதாக ஆவியாகாது. அதை ஈடுகட்ட வண்டியின் கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோலை அடிக்கிறது. எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலண்ட் தண்ணீர் 90 டிகிரியை நெருங்க நெருங்கத்தான் அளவு ஒழுங்காகிறது. அதற்குள் எரியாமல் தங்கியதுதான் கரியாகப் படிகிறது. தெர்மோஸ்டாட் என்பது, எஞ்சின் சூடேறும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் மூடி வைத்திருக்கும் ஒரு சின்ன வால்வு. பெரும்பாலான வண்டிகளில் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும். அதைக் கழற்றிவிட்டால் சாவியைத் திருப்பியதிலிருந்தே தண்ணீர் ரேடியேட்டருக்குள் சுற்ற ஆரம்பித்துவிடும். பழங்காநத்தத்திலிருந்து சிம்மக்கல் ஐந்தாறு கிலோமீட்டர் இருக்குமா? அந்தத் தூரத்துக்குள் உங்கள் எஞ்சின் ஒருநாள்கூடச் சரியான சூட்டுக்கு வந்திருக்காது.

"நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்குண்ணே?" என்று பல பட்டறைகளில் கேட்டிருக்கிறேன். மதுரையில் சித்திரை வெயில் 40 டிகிரி என்றால், எஞ்சினுக்கு வேண்டிய சூட்டுக்கு இன்னும் 50 டிகிரி பாக்கி இருக்கிறது. சூடு கூடினால் அந்த வால்வு தானாகவே முழுதாகத் திறந்துகொள்ளும், தண்ணீருக்குத் தடையாக நிற்காது. உங்கள் மெக்கானிக் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நடுரோட்டில் நின்ற வண்டியை அன்றைக்கு ஓடவைத்தார். புது வால்வு வாங்கி மாட்டுவதுதான் பாக்கி நின்றுவிட்டது.

இதை நீங்களே சரிபார்க்கலாம். டாஷ்போர்டில் சூடு காட்டும் முள் இருந்தால், ரிங் ரோட்டில் 80 கிலோமீட்டர் வேகத்தில் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். முள் நடுவில் நிற்காமல் கீழே இறங்கினால் வால்வு இல்லை, அல்லது திறந்தபடியே சிக்கியிருக்கிறது. முள் இல்லாத வண்டிகளில் பெரும்பாலும் நீல விளக்கு இருக்கும். அது அணைய வெகுநேரம் எடுப்பதும், ஓடும்போதே மறுபடி எரிவதும் அதே அறிகுறி. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் வைத்திருக்கும் யாராவது இரண்டே நிமிடத்தில் கூலண்ட் சூட்டை எண்ணாகவே காட்டிவிடுவார்கள்.

இனி பாட்டில் விஷயம். டேங்க்கில் ஊற்றும் மருந்து பெட்ரோல் போகிற வழியில் மட்டும்தான் போகும். பெட்ரோல் தொடாத இடத்தில் இருக்கும் கரியை அது தொடாது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் கடைக்காரர் என்ன சொன்னாலும் ஏமாற மாட்டீர்கள்.

உங்கள் வண்டி எம்பிஎஃப்ஐ வகையாக இருக்கும். 2014-இல் நம் ஊரில் விற்ற 1.2 லிட்டர் பெட்ரோல் வண்டிகளில் பெரும்பாலானவை அப்படித்தான், டர்போ வைத்த சில மட்டும் விதிவிலக்கு. இந்த வகையில் இன்ஜெக்டர், உள்ளே காற்று போகும் இன்டேக் வால்வின் முதுகில் பெட்ரோலைத் தெளிக்கிறது. அதனால் மருந்து இன்ஜெக்டர் நுனி, வால்வின் முதுகு, பெட்ரோல் எரியும் அறை ஆகிய மூன்று இடத்துக்கும் போய்ச் சேரும். நீங்கள் சொல்லும் கோளாறுகளில் இரண்டு அந்த இடங்களைத்தான் காட்டுகின்றன. காலையில் மட்டும் ஐந்து நிமிடம் தடுமாறுவது வால்வு முதுகுக் கரியின் குணம். அந்தக் கரி பஞ்சு மாதிரி பெட்ரோலை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், சூடேறியதும் விட்டுவிடும். மலையேறும்போது வந்த சில்லறைச் சத்தம் நாக்கிங். எரியும் அறையில் கரி தடித்தால் அங்கே இடம் குறைந்து அழுத்தம் கூடுகிறது, கரியே கங்கு போல் கனன்று நேரத்துக்கு முன்பே பெட்ரோலைப் பற்றவைக்கிறது. வத்தலக்குண்டு தாண்டி காட் ரோட்டில், நான்கு பேரை ஏற்றிக்கொண்டு மூன்றாவது கியரில் அழுத்தினால் கேட்கத்தான் செய்யும். அடுத்த முறை அந்தச் சத்தம் வந்தால் உடனே ஒரு கியர் குறையுங்கள். நாக்கிங்கோடு அழுத்தி ஓட்டினால் பிஸ்டனுக்கே கேடு.

சிக்னலில் ஆடுவது வேறு கதையாக இருக்கலாம். காற்றை அளந்து விடும் த்ராட்டில் பாடியில் பிசுபிசுப்பான கரி படிந்தால் ஐட்லிங் ஆடும். அந்த வழியில் பெட்ரோல் போவதில்லை, வெறும் காற்றுதான். எத்தனை பாட்டில் ஊற்றினாலும் அது அப்படியேதான் இருக்கும். அதைக் கழற்றி, அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரேயும் துணியும் வைத்துத் துடைப்பது அரைமணி நேர வேலை. சில வண்டிகளில் துடைத்த பிறகு ஸ்கேனரில் ஐட்லிங்கைப் புதிதாகப் பதிய வைக்க வேண்டும், செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

மைலேஜைப் பற்றி ஒரு வார்த்தை. 3 கிலோமீட்டரும் கார்பனால் போனது என்று எண்ண வேண்டாம். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். உங்களுடையது போன்ற பழைய கார்களுக்கு 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. உங்கள் கணக்கில் அது ஒரு கிலோமீட்டர், அதை எந்தப் பாட்டிலாலும் திருப்பித் தர முடியாது. மீதி இரண்டில் பெரும்பங்கு தெர்மோஸ்டாட் இல்லாத குளிர்ந்த எஞ்சின் தின்றது என்பது என் கணிப்பு.

ஆகவே முதலில் தெர்மோஸ்டாட்டை மாட்டுங்கள். கையோடு எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று நீங்களும் பாருங்கள், தெரிந்துகொள்ள வேண்டிய காட்சி அது. நுனி வெளிர் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் எரிப்பு நன்றாக இருக்கிறது. அடுப்புக்கரி போல் உலர்ந்த கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, நான் எதிர்பார்ப்பது இதைத்தான். எண்ணெய்ப் பசையோடு ஈரக் கறுப்பாக இருந்தால் மட்டும் கவலைப்படுங்கள். பிஸ்டன் ரிங் வழியாகவோ வால்வு சீல் வழியாகவோ எஞ்சின் ஆயில் உள்ளே போய் எரிகிறது என்று அர்த்தம். அப்படியென்றால் பாட்டிலுக்கும் டீகார்பனைசிங்குக்கும் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்க வேண்டும். பிளக் இதுவரை மாற்றியதே இல்லையென்றால் 78,000-இல் மாற்றிவிடலாம். ஏர் ஃபில்டரையும் பாருங்கள், நம் ரோட்டுப் புழுதிக்கு அது சீக்கிரம் அடைக்கும்.

இவ்வளவும் முடிந்த பிறகு ஒரு பாட்டில் ஊற்றலாம். வீண் செலவு என்று சொல்ல மாட்டேன், சரியான மருந்தாக இருந்தால் வேலை செய்கிறது. லேபிளில் 'பாலிஈதர் அமீன்' அல்லது அதன் சுருக்கமான 'பிஇஏ' இருக்கிறதா என்று பாருங்கள். எரியும் அறையின் சூட்டைத் தாங்கி அங்கிருக்கும் கரியையும் இளக்குவது அதுதான். 'பாலிஐசோபியூட்டீன் அமீன்' என்று இருந்தால் இன்ஜெக்டரையும் வால்வையும் சுத்தமாக வைத்திருக்கும், அறைக்குள் இருக்கும் கரிக்கு அவ்வளவாகப் போதாது. என்ன இருக்கிறது என்றே எழுதாமல் 'மைலேஜ் கூடும், பிக்கப் கூடும்' என்று மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் வாங்காதீர்கள்.

டேங்க் கிட்டத்தட்ட ரிசர்வுக்கு வந்ததும் முதலில் மருந்தை ஊற்றி, அதன்மேல் பெட்ரோல் நிரப்புங்கள், அப்போதுதான் நன்றாகக் கலக்கும். இத்தனை லிட்டருக்கு ஒரு பாட்டில் என்று எழுதியிருக்கும் அளவைத் தாண்ட வேண்டாம். இரட்டிப்பாக ஊற்றினால் இரட்டிப்பாகச் சுத்தமாகாது. பிறகு முக்கியமான வேலை ஓட்டுவது. அந்த டேங்க்கை வீட்டுக்கும் சிம்மக்கல்லுக்குமாகத் தீர்த்துவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் திருமங்கலம் வழியாக நான்குவழிச் சாலையில் விருதுநகர் போய்த் திரும்புங்கள். இடையிடையே ஐந்தாவது கியருக்குப் போகாமல் நான்காவதிலேயே வைத்து, 3,000 ஆர்பிஎம் பக்கம் சில கிலோமீட்டர் ஓட்டுங்கள். சூடும் வேகமான காற்றும் சேர்ந்தால்தான் மருந்து கரியைக் கழற்றி வெளியே தள்ளும். இந்த மருந்தில் கொஞ்சம் எஞ்சின் ஆயிலிலும் கலந்துவிடும். அதனால் ஆயில் மாற்றும் சர்வீஸுக்கு முந்தைய டேங்க்கில் இதைச் செய்து, டேங்க் தீர்ந்ததும் ஆயிலை மாற்றுவது நல்லது.

ஒரு டேங்க்கில் காலைத் தடுமாற்றம் பாதி குறைந்தால் அடுத்த டேங்க்கில் இன்னொரு பாட்டில் போடலாம். இரண்டுக்குப் பிறகும் ஒன்றும் மாறவில்லையென்றால் மூன்றாவதை வாங்காதீர்கள். கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

அந்த 4,500 ரூபாய் டீகார்பனைசிங்குக்கு வருகிறேன். இந்தப் பேரில் வெவ்வேறு வேலைகள் விற்கப்படுகின்றன. ஒன்று, வண்டியை அரைமணி ஐட்லிங்கில் விட்டு, தண்ணீரைப் பிரித்தெடுத்த ஹைட்ரஜன் வாயுவைக் காற்று வழியில் விடுவது. பல வருடங்களாக வால்வில் சுட்டு இறுகிய கரி அதில் கழன்றுவிடும் என்பதை நான் ஏற்கவில்லை. இன்னொன்று, கரைப்பானைப் பனிபோல் காற்று வழியில் தெளிப்பது. கைப்பழக்கம் உள்ளவர் செய்தால் பலன் உண்டு. அவசரப்பட்டு அதிகம் விட்டால் சிலிண்டரில் திரவம் தேங்கி, அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். எந்த முறையானாலும், பிளக் துளை வழியாகக் குட்டி கேமராவை விட்டுப் பிஸ்டன் தலையை வேலைக்கு முன்னும் பின்னும் காட்டச் சொல்லுங்கள். போரோஸ்கோப் என்பார்கள், இப்போது நிறையப் பட்டறைகளில் இருக்கிறது. காட்ட மறுத்தால் அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

பிளக் துளையில் மண்ணெண்ணெய் ஊற்றி இரவு முழுக்க ஊறவைக்கும் பழைய வைத்தியத்தை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவி, கீழே இறங்கி எஞ்சின் ஆயிலையும் நீர்த்துப்போக வைத்துவிடும்.

இதே கேள்வியோடு வேறு வண்டி வைத்திருப்பவர்களுக்கு: பூஸ்டர்ஜெட், டிஎஸ்ஐ, டிஜிடிஐ என்று பேர் கொண்ட எஞ்சின்களில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பாய்கிறது, இன்டேக் வால்வைத் தொடுவதே இல்லை. அங்கே பாட்டில் இன்ஜெக்டருக்கும் எரியும் அறைக்கும் மட்டும்தான் உதவும். வால்வில் இறுகிய கரியை முழுதாக எடுக்க, காற்றைக் கொண்டுபோகும் மேனிஃபோல்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். டீசல் வண்டியில் பிக்கப் போவதற்கு, புகையில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்கே அனுப்பும் இஜிஆர் வால்வில் தார் போல் கட்டும் கரி பெரிய காரணம். டீசலில் ஊற்றும் மருந்தும் அங்கே போகாது, கழற்றிக் கழுவுவதே வழி.

உங்கள் வண்டிக்கே திரும்புகிறேன். இரண்டு வருடம் முன்பு அது ஏன் சூடானது என்று யாரும் பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை. அதைப் பார்க்காமல் புது தெர்மோஸ்டாட்டை மாட்டினால் பழைய தொல்லை திரும்பும். மாட்டும் முன்பே ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள், எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும். தண்ணீர் துருநிறத்தில் இருந்தாலோ, மூடியின் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு கட்டியிருந்தாலோ, இத்தனை நாளும் போர் தண்ணீரை ஊற்றி வந்திருக்கக்கூடும். நம் பக்கத்துப் போர் தண்ணீரின் உப்பு, குடத்தின் அடியில் கட்டுவது போலவே தெர்மோஸ்டாட் வால்விலும் ரேடியேட்டர் குழாயிலும் கட்டும். பழைய தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கி வண்டி சூடானதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ரேடியேட்டரை நன்றாகக் கழுவி, ஃபேன் ஓடுகிறதா என்று பார்த்து, உங்கள் வண்டிக்குச் சொல்லப்பட்ட கூலண்ட்டையும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றச் சொல்லுங்கள். கலந்தே வரும் கூலண்ட் என்றால் அப்படியே ஊற்றலாம். ஒரு லிட்டர் கலவையை டிக்கியில் போட்டு வையுங்கள், வழியில் குறைந்தால் குழாயடியைத் தேட வேண்டியிருக்காது.