தின்றதைக் கக்கும் பாக்சர் குட்டி

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் தோப்புக் காவலுக்கு ஒரு பாக்சர் குட்டி வாங்கினேன் ஐயா. பிறந்து எழுபது நாள் ஆகிறது. பால் குடித்தவரை நன்றாக இருந்ததாம். சோறும் கறியும் வைத்ததிலிருந்து தினமும் கக்குகிறது. கக்கிவிட்டு மறுபடி தட்டைத் தேடுகிறது. விலா எலும்பு தெரிகிறது. பூச்சி மருந்து கொடுத்தாச்சு. மெடிக்கலில் வாங்கிய வாந்தி மருந்தும் கேட்கவில்லை. என்ன ஊசி போடலாம்?

பதில்: ஊசியை விடுங்கள். தின்று எவ்வளவு நேரம் கழித்துக் கக்குகிறது? அதை நீங்கள் எழுதவே இல்லை.

இன்றே ஒரு நோட்டுப் போடுங்கள். வைத்த நேரம், கக்கிய நேரம், காலையில் வெறும் வயிற்று எடை. கக்கும்போது போனில் வீடியோ எடுங்கள். மருந்துச் சீட்டுக் கட்டைவிட அந்த அரை நிமிட வீடியோ எனக்கு அதிகம் சொல்லும். தின்ற உடனே, வயிறு எக்காமல், தலையைத் தாழ்த்திச் சோறு உருளையாக விழுந்தால் அது வாந்தியே இல்லை, கோளாறு உணவுக்குழாயில். பிறவியிலேயே இதயத்தருகே ரத்தக்குழாய் வளையம் உணவுக்குழாயை இறுக்கினாலும் இப்படித்தான் ஆகும். மணிக்கணக்கில் கழித்து, வயிறு எக்கி, மஞ்சள் பித்தம் கலக்காமல் பீய்ச்சினால் இரைப்பையின் வெளிவாசல் தசை பிறவியிலேயே தடித்துச் சுருங்கியிருக்கலாம். அபூர்வம்தான், ஆனால் பாக்சருக்கு வரக்கூடியது. பால் இறங்கிவிடும், கெட்டி உணவு மாட்டும். தோப்பு நாய் என்பதால் தேங்காய் நார் உருண்டையையும் சந்தேகிக்க வேண்டும்.

மெடிக்கலில் கொடுத்தது மெட்டோக்ளோப்ரமைடா? அடைப்புள்ள வயிற்றை அது முடுக்கிவிடும், உடனே நிறுத்துங்கள். வாந்தி என்றதும் பாட்டிலை எடுத்து நீட்டுபவர் வைத்தியர் அல்ல, வியாபாரி.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் பேரியம் மருந்தைப் புகட்டிப் படம் எடுப்பார்கள். அரை மணிக்குள் குடலுக்கு இறங்கத் தொடங்க வேண்டிய மருந்து மணிக்கணக்கில் இரைப்பையிலேயே நின்றால் விஷயம் தெரிந்துவிடும். ஸ்கேனில் தசைத் தடிப்பும் தெரியும். தொடர்ந்து கக்கிய குட்டிக்கு ரத்தத்தில் குளோரைடும் பொட்டாசியமும் இறங்கியிருக்கும். சலைனில் அதைச் சரிசெய்த பிறகுதான் மயக்க மருந்தும் ஆபரேஷனும். உள்தோலைத் தொடாமல் தசையை மட்டும் கீறிவிடுவது ஒரு முறை, வாசலையே அகலமாக்கித் தைப்பது இன்னொன்று. காலத்தில் செய்தால் பெரும்பாலும் தேறிவிடும்.

அதுவரை கஞ்சிப் பதத்தில், கொஞ்சம் கொஞ்சமாக, ஐந்தாறு வேளை. தண்ணீரும் நிற்காமல் சோர்ந்தால் நாமக்கல்வரை காத்திருக்காதீர்கள், பக்கத்து மருத்துவரிடம் அன்றே ஓடுங்கள்.

தேறினாலும் இதை இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள். விற்றவரிடமும் சொல்லுங்கள்; ‘கால்சியம் டானிக் ஊத்துங்க, சரியாயிடும்’ என்பார். அதே ஜோடியை அடுத்த பருவத்திலும் சேர்ப்பார்.