புல்தரையில் வந்த வெற்றியும் மூன்று ஆண்டுக் கணக்கும்

மதிப்பிற்குரிய ஆச்சி அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தாங்களும் தங்கள் கணவரும் காரைக்குடியில் என்னைச் சந்தித்துக் கேட்ட கேள்விக்கு அங்கேயே அவசரமாக விடை சொல்ல மனம் ஒப்பவில்லை. ஆகவே யோசித்து இதை எழுதுகிறேன். உலக டென்னிஸ் தரவரிசையில் எண்ணூறுக்கு அப்பால் இருந்த தங்கள் மகனான தம்பி, ஜூலையில் இங்கிலாந்தில் நடந்த எம் 25 நிலை (தொழில்முறை ஆட்டத்தின் கீழ்ப்படிகளில் ஒன்று) புல்தரைப் போட்டியில் தகுதிச் சுற்றிலிருந்து இறுதியாட்டம் வரை சென்று, தரவரிசையில் நூறு இடங்களுக்கு மேல் முன்னேறியிருக்கிறார். இனி பி.காம். இறுதியாண்டை விட்டுவிட்டு, சொந்தப் பயிற்சியாளருடன் முழுநேரமும் ஆட வேண்டும் என்கிறார். மகளின் கழுத்துருவுக்காக, அதாவது திருமணத் தாலி நகைக்காக, எடுத்து வைத்த தங்கத்தை இதற்கு விற்கலாமா என்று கேட்டீர்கள்.

அவர் செய்தது சிறிய காரியம் அன்று. நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் புல்தரையில் பழகும் வாய்ப்பே அரிது. அப்படியிருந்தும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஆறு ஆட்டங்களை வென்றிருக்கிறார் என்றால், அவருடைய சர்வ், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் அடி, அந்த நிலையில் உள்ளவர்களைத் தாண்டியது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் புல்தரை ஆண்டு முழுவதும் கிடைப்பதில்லை. பிரெஞ்சு ஓபன் முடிந்ததும் தொடங்கி, விம்பிள்டனை ஒட்டிய சில வாரங்களோடு அந்தப் பருவம் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. அங்கே பந்து தாழ்வாகச் சறுக்கி வருவதால் நல்ல சர்வும், பந்தை வெட்டி அடிக்கும் ஸ்லைஸும் உள்ளவருக்கு ஒன்றுக்கு இரண்டாகப் பலன் கிடைக்கும். அதே எதிராளி களிமண் தரையிலோ கெட்டித் தரையான ஹார்டு கோர்ட்டிலோ அந்தப் பந்தைத் திருப்பி அடித்து, இருபது முறை பந்தடிக்கும் நீண்ட ஆட்டத்துக்குத் தம்பியை இழுத்துச் செல்வார். ஜூலைப் போட்டியில் தம்பி பெற்ற 16 தரவரிசைப் புள்ளிகளும் 52 வாரங்கள்தான் கணக்கில் இருக்கும். அடுத்த ஜூலையில் அவை கழிந்துவிடும். அதற்குள் வேறு தரைகளில் புள்ளி சேர்க்காவிட்டால் தரவரிசை பழைய இடத்துக்கே திரும்பும்.

இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சென்னையைச் சேர்ந்த ராம்குமார் ராமநாதன் 2017-இல் அன்டால்யா புல்தரையில், அப்போது உலகின் முதல் பத்து வீரர்களுள் ஒருவராக இருந்த டொமினிக் தீமை வென்றார். 2018-இல் நியூபோர்ட் புல்தரையில் இறுதியாட்டம் வரை சென்றார். அந்த மாதமே 111-ஆம் இடத்தை எட்டினார். ஒற்றையர் ஆட்டத்தில் அவர் தொட்ட உச்சம் அதுதான். நியூபோர்ட் போன்ற போட்டிகளுக்கு ஒரு படி கீழான சேலஞ்சர் நிலையில் முதல் ஒற்றையர் பட்டம் கிடைக்க 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2022-இல் ரோகன் போபண்ணாவுடன் அடிலெய்டிலும் புனேயிலும் இரட்டையர் பட்டங்களை வென்றார். ஒரு நல்ல புல்தரை வாரம் உண்மையான திறமையைக் காட்டும் என்பதற்கும், மீதமுள்ள மாதங்களுக்கு அது பொறுப்பேற்காது என்பதற்கும் இந்த ஒருவருடைய கணக்கே போதும். நல்ல சர்வ் உள்ளவருக்கு இரட்டையர் ஆட்டம் ஒரு பிழைப்பாக அமையலாம் என்பதையும் தம்பி இதிலிருந்து பார்க்க வேண்டும். இப்போது அவர் இரட்டையரில் பெயர் கொடுப்பதே இல்லை என்று சொன்னீர்கள். அதை உடனே மாற்றச் சொல்லுங்கள்.

படிப்பைப் பற்றிச் சொல்லும்போது பிரிட்டன் வீரர் ஆலிவர் டார்வெட்டை நினைக்கிறேன். 2025-இல் அவர் 733-ஆம் இடத்திலிருந்து விம்பிள்டன் தகுதிச் சுற்றை வென்று, முதல் சுற்றையும் வென்று, இரண்டாம் சுற்றில் முன்னணி வீரர் அல்கராஸிடம் தோற்றார். அப்போது அவர் சான் டியேகோ பல்கலைக்கழக மாணவர். சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மனும் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் படித்தபடியே 2007, 2008 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்கக் கல்லூரி ஒற்றையர் பட்டத்தை வென்றவர். படிப்பு ஆட்டத்தைக் கெடுத்துவிடும் என்ற தம்பியின் பேச்சை ஏற்க முடியாது. அமெரிக்கக் கல்லூரி வழி அவருக்கு இன்னும் திறந்திருக்கிறதா என்பது வேறு விஷயம். வயது பற்றியும் பள்ளி முடிந்தபின் கழிந்த ஆண்டுகள் பற்றியும் அங்கே விதிகள் உண்டு. ஆகவே பணம் கட்டுமுன் அந்தந்தப் பல்கலைக்கழகத்திடம் எழுத்து மூலம் பதில் வாங்குங்கள். அழகப்பா பல்கலைக்கழகத் தொலைநிலைக் கல்வியில் மீதமுள்ள ஓராண்டை அவர் முடித்தே ஆக வேண்டும். தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருந்தாலும், பட்டம் கேட்கும் பணிக்குப் பட்டம் இல்லாமல் விண்ணப்பிக்க இயலாது. மாநிலத்துக்காக ஆடிப் பெறும் பதக்கத்துக்கு அங்கே மதிப்பு உண்டு என்பதால், அழைப்பு வந்தால் தேசியப் போட்டிகளைத் தவிர்க்க வேண்டாம்.

இனிப் பணம். எம் 25-க்கும் கீழ்ப்படியான எம் 15 போட்டி ஒன்றை முழுதாக வென்றாலும் ஒற்றையர் பரிசு 2,160 டாலர்தான். பயணம், தங்கும் செலவு, ராக்கெட் நரம்பு எல்லாம் அதிலிருந்தே போக வேண்டும். 2025 விம்பிள்டனில் முதல் சுற்றில் தோற்றவருக்கு 66,000 பவுண்டு கிடைத்தது. அந்த உலகின் வாசலான தகுதிச் சுற்றில் தரவரிசைப்படி நேரடியாக நுழைய ஏறக்குறைய 230-க்குள் இடம் வேண்டும். தம்பி இன்று நிற்கும் இடத்துக்கும் அந்த வாசலுக்கும் இடைப்பட்ட வழி முழுவதும் நட்டம்தான் என்பதைத் தாங்கள் முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

நம் பெரியவர்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் ஆள் அனுப்பியது தங்கள் வீட்டுப் பழங்கணக்குகளிலேயே இருக்கும். அங்கே கடைகளில் பெட்டியடியாக (கடைநிலைப் பணியாளாக)ச் சேர்ந்தவன் அடுத்தாளாகி (மேலாளுக்கு அடுத்தவனாகி), பிறகு கடையை நடத்தும் மேலாளானான். மேலாளையும் மூன்று ஆண்டுத் தவணைக்கே அனுப்பினார்கள். தவணை முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு அவன் ஊர் திரும்பினான். தம்பிக்கும் அப்படியே ஒரு தவணை கொடுங்கள். கடையின் வருமானத்திலிருந்து தாங்கக்கூடிய ஒரு தொகையை ஆண்டுதோறும் ஒதுக்குங்கள். அதற்கு மேல் ஒரு ரூபாயும் வேண்டாம். தனிப் பயிற்சியாளரை ஊர் ஊராக அழைத்துச் செல்வது இந்த நிலையில் தேவையற்ற செலவு. முதல் ஆண்டு முடிவில், அதாவது அந்த 16 புள்ளிகள் கழியும் நாளில், மற்றத் தரைகளில் அவர் ஈட்டியது அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். இரண்டாம் ஆண்டு முடிவில் 400-க்குள் வந்திருக்க வேண்டும். மூன்றாம் ஆண்டு முடிவில் 250-ஐ நெருங்கவில்லையென்றால் ஒற்றையர் கனவை நிறுத்திவிட்டு, இரட்டையரா, பயிற்சியாளர் வேலையா, வேறு பணியா என்று அப்போது பேசலாம். இந்த எண்கள் என் அனுபவத்தில் நான் வகுத்தவை. ஒன்றிரண்டு மாதம் காயத்தால் போனால் அதற்கேற்பத் தளர்த்திக்கொள்ளலாம். ஆனால் தோற்றபின் தளர்த்தக் கூடாது.

மகளின் தங்கத்தைத் தொடாதீர்கள். தோற்கும் ஒவ்வொரு வாரமும் தங்கையின் நகையை எண்ணிக்கொண்டு ஆடும் பையனால் இரண்டாவது சர்வைத் துணிந்து போட முடியாது. இதை நான் ஆலோசனை சொன்ன பிள்ளைகளிடம் கண்டிருக்கிறேன். தினமும் தொலைபேசியில் தரவரிசையைக் கேட்பதையும் நிறுத்திவிடுங்கள். அது வாரம் ஒருமுறைதான் மாறும்.

பொங்கலுக்குத் தம்பி ஊருக்கு வரும்போது, செப்டம்பர் முதல் ஆடிய ஆட்டங்களைத் தரை வாரியாகவும் செலவை வாரம் வாரியாகவும் ஒரு நோட்டில் எழுதி எடுத்து வரச் சொல்லுங்கள். அன்று தாங்கள் நால்வரும் வாருங்கள். விற்கலாமா என்று பேசிய தங்கம் மகளுடையது என்பதால், அவரும் உடன் இருக்க வேண்டும்.

அன்புடன்,
தங்கள் கல்வி ஆலோசகர்