போ நதிச் சமவெளியில் ஊர் ஊராக, பசியோடு

வடக்கு இத்தாலியில் ஒரு காரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சாப்பிட்டுப் போவதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் குடியிருப்பது மோதெனா பக்கம். அதனால் அந்தப் பகுதியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே பேசுவேன்.

மிலான், கோமோ ஏரி, வெனிஸ், ஃப்ளாரன்ஸ், சிங்க்வே தெர்ரே எல்லாவற்றையும் பத்து நாளில் காரிலேயே பார்த்துவிடத் திட்டமிட்டிருக்கிறோம். சரியாக வருமா?
– வாசகர், கோயம்புத்தூர்

வராது. இந்தப் பட்டியலில் பாதி ஊர்களுக்குக் கார் சுமைதான். வெனிஸுக்குள் வண்டி நுழைய இடமே கிடையாது. பாலம் முடியும் பியாஸ்ஸாலே ரோமாவிலோ, கரையில் உள்ள மெஸ்த்ரேயிலோ காரை நிறுத்திவிட்டு நடக்க வேண்டியதுதான். வண்டி சும்மா நிற்க, வாடகையும் நிறுத்தக் கட்டணமும் ஏறிக்கொண்டிருக்கும். சிங்க்வே தெர்ரேயின் ஐந்து கிராமங்களுக்கும் ரயில்தான் சுகம். மிலானும் ஃப்ளாரன்ஸும் அப்படியே. இவற்றைப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் முதலிலோ கடைசியிலோ ரயிலில் பார்த்துவிடுங்கள்.

கார் தேவைப்படுவது பஸ் போகாத இடங்களுக்கு: வயலுக்கு நடுவே இருக்கும் பாலாடைக்கட்டிக் கூடம், மலைச்சரிவில் இருக்கும் பண்ணை விடுதி, ஒரே ஒரு குடும்பம் நடத்தும் உணவகம். அதற்கு நான் சொல்லும் வழி இதுதான். இரண்டே இடங்களில் தங்குங்கள். ஒன்று மாந்தோவா, மற்றது பார்மாவுக்கும் மோதெனாவுக்கும் இடையில் ஏதாவதொரு பண்ணை. மாந்தோவாவிலிருந்து வெரோனா சுமார் 40 கிலோமீட்டர், பார்மா சுமார் 65. பார்மாவிலிருந்து மோதெனா 60-க்குள். மோதெனாவிலிருந்து போலோன்யா சுமார் 40. காலையில் கிளம்பி, மதியச் சாப்பாட்டை ஓர் ஊரில் முடித்து, இருட்டுமுன் திரும்பிவிடலாம். தினமும் பெட்டியைக் கட்டி அவிழ்க்கிற பயணத்தில் சாப்பாடு ருசிக்காது.

இந்த ஊர்கள் இப்படி வரிசையாக அமைந்ததற்குக் காரணம் உண்டு. கி.மு. 187-இல் ரோமானிய ஆட்சித் தலைவர் எமிலியஸ் லெபிடஸ் ரிமினியிலிருந்து பியாசென்சா வரை ஏறக்குறைய நேர்கோடாக ஒரு சாலை போட்டார். அந்த வியா எமிலியாவின் மீதுதான் பார்மா, ரெஜ்ஜோ, மோதெனா, போலோன்யா எல்லாம் இருக்கின்றன. இந்த ஊர்கள் உள்ள பகுதிக்கு எமிலியா என்ற பெயரே அந்தச் சாலை கொடுத்தது. இன்று அதே வழியில் ஓடும் நெடுஞ்சாலையில் லாரிகள் அதிகம். நான் அதை விட்டுவிட்டு, போ நதியின் கரையோரம் பாப்லர் தோப்புகளுக்கு நடுவே செல்லும் சிறிய சாலைகளில்தான் போவேன்.

நாங்கள் சைவம். இத்தாலியில் பீட்சாவைத் தவிர எங்களுக்கு ஏதாவது கிடைக்குமா?
– வாசகி, கும்பகோணம்

நிறையக் கிடைக்கும். ஆனால் எங்கே கவனம் வேண்டும் என்று முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

கத்தோலிக்க நாட்டில் நோன்பு நாட்களில் இறைச்சி கூடாது. அந்த நாட்களுக்கென்று வீட்டுப் பெண்கள் சமைத்தவைதான் இன்று இந்தப் பகுதியின் மிக அருமையான உணவுகள் என்பது என் உறுதியான கருத்து. மாந்தோவாவில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு பரங்கிக்காய் தொர்தெல்லி செய்வார்கள். சுட்ட பரங்கிக்காயை மசித்து, அதில் பொடித்த அமரெத்தி பிஸ்கட்டும், கடுகின் காரமேறிய பழப் பாகான மொஸ்தார்தாவும், ஜாதிக்காயும் சேர்த்து, மெல்லிய மாவுத்தாளில் பொதிந்து வேகவைத்து, உருகிய வெண்ணெயும் சேஜ் இலையும் ஊற்றித் தருவார்கள். இனிப்பும் காரமும் உப்பும் ஒரே வாயில் வரும். பழகிய நாக்கு நம்முடையது; அங்கே வருகிற மற்ற நாட்டுக்காரர்கள் முதல் கவளத்தில் திகைப்பதை நான் பார்த்திருக்கிறேன், நம்மவர்கள் திகைப்பதில்லை. ஃபெர்ராராவில் இதற்குக் கப்பெல்லாச்சி என்று பெயர். அங்கே பிஸ்கட்டும் பழப்பாகும் கிடையாது. பல உணவகங்களில் இறைச்சிக் குழம்பை மேலே ஊற்றிவிடுவார்கள். வெண்ணெயும் சேஜும் போதும் என்று முன்பே சொல்லுங்கள். பார்மாவில் கீரையும் ரிக்கோத்தா என்ற மென்மையான பாலாடைக்கட்டியும் வைத்த தொர்தெல்லி தெர்பெத்தா. ஜூன் 23-ஆம் தேதி இரவு, புனித யோவான் திருநாளுக்கு முந்தைய இரவில், வெளியே மேசை போட்டுப் பனி இறங்கும்வரை அமர்ந்து இதைச் சாப்பிடுவது அந்த ஊர் வழக்கம். அந்தத் தேதியில் நீங்கள் அங்கே இருந்தால் வேறெங்கும் போகாதீர்கள்.

இனி எச்சரிக்கைகள். இந்தப் பகுதியின் புதிய பாஸ்தா முட்டை சேர்த்துப் பிசைந்தது. முட்டை சாப்பிடாதவர்கள், கோதுமை ரவையும் தண்ணீரும் மட்டும் சேர்த்த உலர்ந்த பாஸ்தாவைக் கேட்க வேண்டும். அடுத்து, பார்மிஜானோ ரெஜ்ஜானோ, கிரானா பதானோ, கோர்கோன்சோலா ஆகிய பாலாடைக்கட்டிகளில் பாலைத் திரிக்கப் பயன்படுவது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட். இது பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தபின் சாப்பிடுவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. சாற்றில் குழைய வேகவைத்த அரிசி உணவான ரிசோத்தோவில் இறைச்சிச் சாறு இருக்கும்; மிலானின் குங்குமப்பூ ரிசோத்தோவில் மரபுப்படி மாட்டு எலும்பு மஜ்ஜையும் உண்டு. மோதெனாவில் எல்லோரும் பரிந்துரைக்கும் பொரித்த ரொட்டியான ஞோக்கோ ஃப்ரித்தோவைப் பன்றிக் கொழுப்பில் பொரிப்பதுதான் பழைய முறை. ரெஜ்ஜோவின் கீரை அடையான எர்பஸ்ஸோனேயிலும் அது இருக்கலாம். ஆகவே மூன்று சொற்றொடர்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: சென்சா கார்னே (இறைச்சி இல்லாமல்), சென்சா ப்ரோதோ தி கார்னே (இறைச்சிச் சாறு இல்லாமல்), சென்சா ஸ்த்ருத்தோ (பன்றிக் கொழுப்பு இல்லாமல்). சிரித்த முகத்தோடு கேட்டால் சமையலறை வரை போய் விசாரித்துவந்து சொல்வார்கள்.

பால் பொருளே வேண்டாம் என்பவர்களுக்கு மரினாரா பீட்சா இருக்கிறது: தக்காளி, பூண்டு, ஒரேகானோ, எண்ணெய் மட்டும். பொலெந்தா என்பது மக்காச்சோளக் களி; காளானோடு கேளுங்கள். லிகூரியா கரைவரை போனால் விறகு அடுப்பில் வேகும் கடலைமாவு அடையான ஃபாரினாத்தாவை விடாதீர்கள்.

பார்மிஜானோ செய்வதை நேரில் பார்க்க முடியுமாமே? குழந்தைகளுக்குப் பிடிக்குமா?
– வாசகர், மதுரை

கட்டாயம் பிடிக்கும், ஆனால் அவர்களைச் சீக்கிரம் எழுப்ப வேண்டும். வேலை விடியற்காலையிலேயே தொடங்கி மதியத்துக்கு வெகு முன்பே முடிந்துவிடும். காலை எட்டு, எட்டரைக்கு அங்கே இருங்கள். முன்பதிவு அவசியம்.

முந்தைய மாலை கறந்த பாலை இரவெல்லாம் அகன்ற தொட்டியில் விட்டு, மேலே மிதக்கும் ஏட்டை எடுத்துவிட்டு, அன்று காலை கறந்த முழுப் பாலோடு கலந்து, தலைகீழ் மணி வடிவச் செப்புக் கொப்பரையில் ஊற்றுவார்கள். முந்தைய நாளின் மோர்த்தெளிவும் ரென்னட்டும் சேர்ந்ததும் பால் உறையும். அதைப் பெரிய கம்பி மத்தால் அரிசிமணி அளவுக்கு உடைத்து, சுமார் 55 டிகிரி வரை சூடாக்குவார்கள். அடியில் படிந்த திரட்சியை இருவர் சேர்ந்து துணியில் ஏந்தித் தூக்கி இரண்டாக வெட்டுகிற காட்சியைக் குழந்தைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். ஒரு கொப்பரைக்குச் சக்கர வடிவில் இரண்டு கட்டிகள். ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 550 லிட்டர் பால். முதிர்ந்தபின் எடை சுமார் 40 கிலோ. உப்புநீரில் கிடந்தெழுந்து, குறைந்தது 12 மாதம் மரத்தட்டில் இருக்க வேண்டும். பின்னர் சோதனையாளர் சிறு சுத்தியால் தட்டி, ஓசையை வைத்தே உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று கண்டுபிடிப்பார். வாங்குவதானால் 24 மாதமும் 36 மாதமும் வாங்கி அடுத்தடுத்துச் சாப்பிட்டுப் பாருங்கள்.

மாட்டுக்கொட்டகைகளிலும் கூடங்களிலும் தலைப்பாகை அணிந்தவர்களைக் கண்டால் வியக்க வேண்டாம். இந்தச் சமவெளியின் பால் தொழிலில் பஞ்சாபிகள் பலர் உழைக்கிறார்கள். ரெஜ்ஜோ மாவட்டத்து நோவெல்லாராவில் 2000-ஆம் ஆண்டு திறந்த பெரிய குருத்வாரா இருக்கிறது. இத்தாலியின் புகழ்பெற்ற பாலாடைக்கட்டிக்குப் பின்னால் அவர்களுடைய கைகளும் இருக்கின்றன என்பதைச் சொல்லாமல் அதன் பெருமையை மட்டும் பேசுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அங்கே நெல்லும் விளைகிறதாமே? நான் விவசாயி.
– வாசகர், மன்னார்குடி

ஐயா, ஐரோப்பாவிலேயே அதிகம் நெல் விளைவிக்கும் நாடு இத்தாலிதான். உங்களுக்காக மேலே சொன்ன வழியை மாற்றிக்கொள்ளலாம். மிலானிலிருந்து மேற்கே சுமார் 75 கிலோமீட்டரில் வெர்ச்செல்லி. ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் வயல்களுக்குத் தண்ணீர் விடுவார்கள். வரப்புகளுக்கு நடுவே சதுரம் சதுரமாக நீர் நிற்க, வானம் தெளிவாக இருந்தால் மோந்தே ரோசாவின் பனிமுடி அதில் தெரியும். கொக்குகள் நம் ஊர் போலவே. போ நதியிலிருந்து நீர் கொண்டுவரும் கவூர் கால்வாய் 1866-இல் திறக்கப்பட்டது. 80 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. மதகுகளை நின்று பாருங்கள், உங்களுக்கு நேரம் போவதே தெரியாது.

இங்கேயும் களை பறித்தவர்கள் பெண்கள்தான். மொந்தினே என்று அவர்களுக்குப் பெயர். நாள் முழுக்கக் குனிந்து, முழங்கால்வரை நீரில் நின்று வேலை செய்தவர்கள். எட்டு மணி நேர வேலைக்காகப் போராடி 1906-இல் வெர்ச்செல்லியில் அதைப் பெற்றார்கள். இப்போது நடவும் இல்லை, கைக்களையும் இல்லை. விதைப்பும் அறுவடையும் இயந்திரத்தால் நடக்கின்றன.

அரிசி வாங்கினால் கார்னரோலி வாங்குங்கள். ரிசோத்தோவுக்கு அதைக் கழுவ மாட்டார்கள், கஞ்சிப் பசை வேண்டும் என்பதற்காக. வெண்ணெயில் வறுத்துச் சூடான சாற்றைக் கரண்டி கரண்டியாக விட்டுக் கிளறுவார்கள். நடுவில் சற்றுக் கடிபடும் பதத்தில் இறக்குவதுதான் அவர்கள் கணக்கு. வேகவில்லை என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

இந்திய ஓட்டுநர் உரிமத்தில் ஓட்டலாமா? அபராதம் பற்றிப் பயமாக இருக்கிறது.
– வாசகர், சென்னை

நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கி, அசல் உரிமத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். தானியங்கி கியர் வேண்டுமானால் பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

பயப்பட வேண்டியது ஒன்றுக்குத்தான்: பழைய ஊர்களின் நடுப்பகுதி. அங்கே சிவப்பு வட்டமிட்ட பலகையும் ZTL (செத்தா-தி-எல்லே) என்ற மூன்றெழுத்தும் இருந்தால், அனுமதி பெற்ற வண்டிகளுக்கு மட்டுமே வழி. தடுப்புக் கம்பு இருக்காது, காவலர் இருக்க மாட்டார், காமிரா இருக்கும். மாதங்கள் கழித்து அபராதச் சீட்டு வீடு தேடி வரும். உங்கள் முகவரியைக் கொடுத்ததற்கு வாடகை நிறுவனமும் தனியாகக் கட்டணம் பிடிக்கும். விடுதி அந்தப் பகுதிக்குள் இருந்தால், வண்டி எண்ணை முன்கூட்டியே பதிவு செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து போங்கள். நிறுத்துமிடத்தில் நீலக் கோடு கட்டணம், வெள்ளை இலவசம், மஞ்சள் மற்றவர்களுக்கு ஒதுக்கியது. விரைவுச்சாலையில் வேக வரம்பு மணிக்கு 130 கிலோமீட்டர், மழையில் 110. சுங்கச்சாவடியில், தானாகக் கட்டணம் பிடிக்கும் கருவி உள்ள வண்டிகளுக்கான மஞ்சள் நிற டெலிபாஸ் வரிசைக்குள் போய்விடாதீர்கள். லம்ப்ருஸ்கோ ஒயின் இந்தப் பகுதியில் மேசைதோறும் வரும். ஓட்டுபவர் அதை இரவுச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளட்டும்.

மாலை நான்கு மணிக்கு ஊர் சேர்ந்தால் சாப்பாடு கிடைக்குமா?
– வாசகி, திருநெல்வேலி

கிடைக்காது. மதியம் இரண்டரைக்குள் அடுப்பை அணைத்துவிட்டு இரவு ஏழரைக்குத்தான் மீண்டும் பற்றவைப்பார்கள்.

மோதெனாவின் பால்சமிக் வினிகர் ஒரு சின்னக் குப்பி ஐம்பது யூரோவாமே! கடையில் ஐந்து யூரோவுக்கும் இருக்கிறதே?
– வாசகி, ஈரோடு

இரண்டும் வேறு வேறு பொருட்கள். மலிவானது, திராட்சைச் சாற்றோடு ஒயின் வினிகர் கலந்து, குறைந்தது 60 நாள் வைத்தது. சாலட்டுக்கு அது போதும். விலை கூடியதன் பெயரில் 'திரதித்ஸியோனாலே' என்று இருக்கும். காய்ச்சிச் சுண்டவைத்த திராட்சைச் சாறு மட்டும்தான் அதில் உண்டு. வீட்டின் பரணில், பெரிதிலிருந்து சிறிதாக வரிசை வைத்த மரப்பீப்பாய்களில், கோடை வெயிலில் வற்றியும் குளிரில் ஓய்ந்தும் குறைந்தது 12 ஆண்டு. 'எக்ஸ்த்ராவெக்யோ' என்றால் 25 ஆண்டு. சிறிய பீப்பாயிலிருந்து கொஞ்சம் எடுத்தால், அதற்கு முந்தையதிலிருந்து நிரப்பிக்கொண்டே வருவார்கள். 100 மில்லி கொண்ட ஒரே வடிவக் குப்பியில்தான் விற்க வேண்டும் என்பது விதி. சமைக்காதீர்கள். பார்மிஜானோத் துண்டின் மேல் இரண்டு சொட்டு, அல்லது வெண்ணிலா ஐஸ்கிரீமின் மேல். மகள் திருமணத்துக்குச் சீதனமாகப் பீப்பாய் வரிசையைக் கொடுத்த குடும்பங்களைப் பற்றி இங்கே இன்னமும் பேசுவார்கள்.

வயதான பெற்றோரையும் அழைத்துப் போகிறோம். அவர்களுக்கு வெளிச்சாப்பாடு தினமும் ஒத்துக்கொள்ளாது. எந்த மாதம், எங்கே தங்கலாம்?
– வாசகர், சேலம்

செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை. வெயில் தணிந்திருக்கும், பரங்கிக்காய் புதிதாக வந்திருக்கும். ஆகஸ்டில் பாதிக் கடைகள் பூட்டியிருக்கும். நவம்பரிலிருந்து சமவெளியில் அடர்ந்த மூடுபனி இறங்கும், அதில் பழகாதவர்கள் ஓட்டக்கூடாது.

அக்ரிதூரிஸ்மோ எனப்படும் பண்ணை விடுதிகளில் சமையலறையோடு கூடிய வீடுகள் கிடைக்கும். தரைத்தளமாகக் கேளுங்கள். காலையில் மோதெனாவின் அல்பினெல்லி சந்தைக்குப் பெற்றோரையும் அழைத்துப் போங்கள். 1931-இல் கட்டிய கூரைச் சந்தை, நிழலாக நடக்கலாம். கீரை, கத்தரிக்காய், அவரை எல்லாம் வாங்கிவந்து ஒருவேளை அம்மா கையால் ரசமும் பொரியலும் ஆகட்டும்; மறுவேளை உணவகத்துக்குப் போகலாம். புளியும் மிளகாய்த்தூளும் மட்டும் ஊரிலிருந்து எடுத்துப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை சந்தை இருக்காது, சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.